மாவட்டத்தின் மிக ஆரோக்கியமான மண்

மண் நலப் பேரியக்ககம் சேலத்தில் தொடங்கப்பட்டபோது அதற்கு ஐந்து மாடிக் கட்டடமும், எட்டு வாகனங்களும், காலையில் ஊழியர்கள் நின்று பாட ஒரு பாடலும் கொடுக்கப்பட்டன. உலகத்து மண்ணில் மூன்றில் ஒரு பங்கு சீக்காகக் கிடக்கிறது என்று ஏதோ ஒரு தூர தேசத்து மாநாட்டில் சொன்னதை அந்த அலுவலகம் மிகவும் மனத்தில் வாங்கிக்கொண்டிருந்தது. கட்டடத்தைச் சுற்றியிருந்த அரை ஏக்கரிலும் சிமெண்டுக் கல் பதித்தார்கள். வருகிறவர்களின் செருப்பில் மண் ஒட்டக் கூடாதல்லவா.

அதன் இயக்குநர் வெங்கடாசலம் ஒரு கொள்கை வைத்திருந்தார். மண் கெடுவதற்குக் காரணம் உரமோ விஷமோ ஆலைக் கழிவோ அல்ல. வெட்கமின்மை. விவசாயிக்குத் தன் மண்ணைப் பற்றி வெட்கம் வந்துவிட்டால் மண் தானாகத் தேறிவிடும் என்று அவர் நம்பினார். எனவே ஊர் ஊராக மண் எடுத்துச் சோதித்துப் பச்சை அட்டையும் சிவப்பு அட்டையும் கொடுத்தார்கள். கிராம சபையில் மைக் வைத்துச் சிவப்பு அட்டைக்காரர்களின் பெயரைப் படிப்பார்கள். பெயர் வந்தவர் எழுந்து, தன் மண்ணில் ஒரு பிடியை இடது கையில் ஏந்தி, “நான் என் மண்ணை நோயாளியாக்கிவிட்டேன்” என்று மூன்று முறை சொல்ல வேண்டும். பச்சை அட்டைக்காரருக்குச் சால்வை.

பக்கத்து ஊரில் ஒருவர் அப்படிச் சொன்ன பிறகு டீக்கடைக்கு வருவதையே நிறுத்திவிட்டார். அவர் மகனுக்குப் பேசியிருந்த பெண் வீட்டார், “மண்ணையே பாத்துக்கத் தெரியாதவங்க புள்ளைய எங்க பாத்துக்கப் போறாங்க” என்று சொல்லி வெற்றிலைத் தட்டைத் திருப்பி அனுப்பினார்கள்.

மருதாசலத்துக்கு இந்தக் கடைசித் தகவல்தான் தூக்கத்தைக் கெடுத்தது. அவர் மகள் அகல்யாவுக்குத் திருச்செங்கோட்டில் ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ராசிபுரத்திலிருந்து ஏழு கிலோமீட்டரில் அவருக்கு இரண்டு ஏக்கர். மூன்று வருடங்களுக்கு முன்னால், போர்வெல்லில் காற்று மட்டும் வந்த கோடையில், பக்கத்து ஜவ்வரிசி ஆலையின் கழிவுத் தண்ணீருக்கு அவர் தன் வரப்பை வெட்டிவிட்டார். சத்தான தண்ணீர், சும்மாவே கிடைக்கிறது என்று ஆலையில் சொன்னார்கள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. மண்வெட்டி அவருடையதுதான். முதல் வருடம் மரவள்ளி ஆள் உயரம் வந்தது. இரண்டாம் வருடம் இடுப்பளவு. மூன்றாம் வருடம் குச்சிகளை நட்டார். அவை குச்சிகளாகவே நின்றன. மண்ணின் மேல் சாம்பல் நிறத்தில் ஓர் ஏடு படிந்தது. வெயில் ஏறியதும் அதிலிருந்து புளித்த மாவின் வாடை எழும். வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஒருவரின் மூச்சுச் சத்தத்துக்குப் பழகுவது போல மருதாசலம் அந்த வாடைக்குப் பழகிவிட்டார்.

வரப்புக்கு அந்தப் பக்கம் அத்தாயியின் ஒன்றரை ஏக்கர். கணவர் போய்ப் பதினோரு வருடம். ஐம்பத்தெட்டு வயது, இருபத்திரண்டு ஆடுகள். மூங்கில் படல்களைச் சதுரமாக நிறுத்திப் பட்டி கட்டி, இரவில் ஆடுகளை அதற்குள் அடைப்பார். தினமும் அந்தப் பட்டியை நாலடி நகர்த்துவார். வருடம் முடிவதற்குள் நிலத்தின் ஒவ்வொரு அடியிலும் ஆடுகள் ஒரு முறையாவது தூங்கி எழுந்திருக்கும். அவருடைய விவசாயத்தில் இருந்த ரகசியம் அவ்வளவுதான்.

மண் எடுக்க வந்தவள் ஷாலினி. பேரியக்ககத்தின் ஒப்பந்த ஊழியர்; பதவியின் பெயர் ‘மண் தூதர்’. ஸ்கூட்டியின் முன்னால் ஒரு மூட்டை துணிப்பைகள்.

“அண்ணா, உங்களுது ஒரு பை, பக்கத்துக் காட்டம்மாவுது ஒரு பை. அவங்க எங்க?”

“ஆட்டுக்குட்டி விக்கச் சந்தைக்குப் போயிட்டாங்க, அம்மிணி.”

“ஐயோ. எனக்குப் பன்னெண்டு மணிக்குள்ள அறுபத்து மூணு பை அண்ணா. இங்க நெட்வொர்க்கும் எடுக்கல. ரெண்டு காட்டையும் போட்டோ மட்டும் புடிச்சுக்கறேன். மண்ண நீங்களே எடுத்துக் கட்டி வெச்சிருங்க.”

“எனக்கு எப்புடின்னு தெரியாதுங்களே.”

“ஒரு சாண் ஆழத்துக்கு ஆப்பு மாதிரி குழி. ரெண்டு பக்கமும் ஒரு விரல் கனம் சீவுங்க. ஏழெட்டு எடத்துல. எல்லாத்தையும் சாக்குல கொட்டிக் கலந்து, தோசை மாதிரி பரப்பி, நாலாக் கீறி, எதிரெதிர் ரெண்டு பங்க வீசிருங்க. அரைக் கிலோ வர்ற வரைக்கும் இப்படியே. மரத்தடில எடுக்கக் கூடாது, வரப்போரத்துல எடுக்கக் கூடாது. பேர் எழுதுன சீட்டை உள்ள போட்டுக் கட்டிருங்க. அவ்ளோதான்.”

முதலில் தன் நிலத்தில் வெட்டினார். மண்வெட்டி கல்லில் பட்டது போலச் சத்தமிட்டது. எட்டுக் குழியிலும் ஒரு புழு இல்லை. பிறகு வரப்பைத் தாண்டினார். அத்தாயியின் நிலத்தில் மண்வெட்டி சத்தமே இல்லாமல் இறங்கியது, சூடான களியில் விரல் இறங்குவது போல. உள்ளே ஈரம் இருந்தது. மண்புழு ஒன்று வெட்டிய இடத்தின் வெளிச்சத்தில் தலையைத் தூக்கி, யார் என்று பார்ப்பது போல நெளிந்தது. மருதாசலம் அதன் மேல் கொஞ்சம் மண்ணைத் தள்ளி மூடினார்.

இரண்டு சாக்கு, இரண்டு தோசை, இரண்டு பை, இரண்டு சீட்டு. வரப்பில் உட்கார்ந்து பீடி ஒன்றைப் பற்றவைத்தார். அது தீரும்வரை யோசித்தார். அத்தாயிக்குக் கட்டிக்கொடுக்கப் பெண் இல்லை. கிராம சபைக்கு அவர் வருவதும் இல்லை. சிவப்பு அட்டையால் அவருடைய ஆடு மேய மறுக்கப் போவதில்லை. அடுத்த வருடம் மறுபடி மண் எடுப்பார்கள், அப்போது சரியாகிவிடும். இவ்வளவு காரணங்கள் கிடைத்ததே அவருக்குச் சங்கடமாக இருந்தது. சீட்டுகளை மாற்றிப் போட்டுப் பைகளின் வாயைக் கட்டினார். முடிச்சு இறுகவில்லை. இன்னொரு முறை கட்டினார்.

கிராம சபைக்கு அத்தாயி வந்திருந்தார். வராதவர் வீட்டு மின்சாரத்தைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும் என்று பேரியக்ககம் தண்டோரா போட்டிருந்தது. இயக்குநர் வெங்கடாசலமே சேலத்திலிருந்து வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்ட், கையில் வெள்ளை உறை.

“அத்தாயி, புல எண் நூற்றுப் பதினாலின் கீழ் இரண்டு. உயிர்க்கரிமம் பூஜ்யத்துக்கு அருகில். அமிலத்தன்மை அபாயகரம். சிவப்பு.”

அத்தாயி எழுந்தார். சோதனைப் பையில் மிச்சமிருந்த மண்ணில் ஒரு பிடியை ஷாலினி அவருடைய இடது கையில் வைத்தாள். அத்தாயி அதை உறுதிமொழிக்கு ஏந்தவில்லை. மூக்கருகே கொண்டுபோனார்.

“ஏனுங்க, இது என்ற மண்ணில்லீங்க.”

“அப்படித்தாம்மா தோணும்” என்றார் இயக்குநர் கனிவாக. “தீராத நோய் என்று தெரிந்ததும் மனுஷன் முதலில் மறுப்பான். நாங்கள் இதற்கு ஒரு வாரப் பயிற்சி எடுத்திருக்கிறோம். மறுப்பு முதல் கட்டம்.”

“கட்டமெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. இதுல ஜவ்வரிசித் தண்ணி வீச்சமடிக்குது. என்ற காட்டுக்கு அந்தத் தண்ணி வந்ததே இல்லீங்க.”

“கோபம்” என்றார் இயக்குநர் கூட்டத்தைப் பார்த்து. “இரண்டாம் கட்டம். எவ்வளவு வேகமாகத் தேறுகிறார் பாருங்கள்! கைதட்டுங்கள்.”

கூட்டம் கைதட்டியது. மருதாசலமும் தட்டினார். தட்டாமல் இருந்தால் கவனிப்பார்கள் என்று தோன்றியது. அத்தாயி மூன்று முறை சொல்லிவிட்டு உட்கார்ந்தார். உள்ளங்கையிலிருந்த மண்ணைக் கீழே போடாமல் முந்தானை நுனியில் துடைத்தார்.

அடுத்து மருதாசலத்தின் பெயரைப் படித்தார்கள். படித்தவர் நடுவில் நிறுத்தி, தாளை இயக்குநரிடம் காட்டினார். இயக்குநர் எழுந்து நின்றார். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. மாவட்டத்திலேயே முதல். மருதாசலத்துக்கு ஒரு சால்வைக்குப் பதில் மூன்று சால்வைகள் போர்த்தினார்கள்; சித்திரை மாதத்து மூன்று மணி வெயிலில் அவர் அவற்றோடு நின்றார்.

அன்று மாலையே திருச்செங்கோட்டிலிருந்து போன் வந்தது. சம்பந்தி வீட்டாருக்குப் பரம திருப்தி.

“பாத்தீங்களா” என்றாள் அவர் மனைவி சித்ரா. அவளுக்கு விஷயம் தெரியும். பீடி தீர்ந்த அன்றே சொல்லிவிட்டிருந்தார். “கல்யாணம் முடியட்டும். அப்பறம் அத்தாயக்காகிட்ட நானே பேசிக்கறேன். இப்ப நீங்க வாயத் தொறக்காதீங்க.”

வாயைத் திறக்காமல் இருப்பது அவருக்குக் கடினமாக இருக்கவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

ஒரே வாரத்தில் அவருடைய இரண்டு ஏக்கரைச் சுற்றிக் கம்பி வேலி போட்டார்கள். மூன்று மொழியில் பலகை வைத்தார்கள். செல்லமுத்து என்ற காவலர் ஒருவரை நீல உடுப்போடும் பெரிய குடையோடும் அனுப்பினார்கள். நிலத்தில் இறங்கும் பறவைகளின் இனம், எண்ணிக்கை, தங்கிய நேரம் ஆகியவற்றைக் குறிப்பது அவர் வேலை. முதல் மாதம் பறவை எதுவும் இறங்கவில்லை. ‘பறவைகளும் ஒத்துழைக்கின்றன’ என்று செல்லமுத்து எழுதி அனுப்பினார். அதற்குப் பாராட்டுக் கடிதம் வந்தது.

மருதாசலம் மண்வெட்டியோடு வேலிக்குள் போகப் பார்த்தபோது செல்லமுத்து குறுக்கே வந்தார்.

“அண்ணா, அனுமதிச் சீட்டு?”

“என்ற காடுங்க இது.”

“இல்லீங்கன்னு நான் சொல்லலியே. ஆனா இனி இதுல வெவசாயம் பண்ணக் கூடாதுங்க. வெவசாயம் பண்ணுனா மண்ணு கெட்டுப் போயிருமாம். சுத்தறிக்கைல இருக்குதுங்க.”

வெளிநாட்டுக் குழுக்கள் வரத் தொடங்கின. ஒரு வெளிநாட்டு அம்மையார் வேலியருகே குனிந்து மண்ணை ஆழமாக முகர்ந்தார். புளிப்பு நெடி ஏறிக் கண்ணில் தாரையாகத் தண்ணீர் வந்தது. “மண்ணோடு பேசுகிறார்” என்று இயக்குநர் மெல்லச் சொன்னார். எல்லோரும் அமைதி காத்தார்கள்.

குழுவினருக்கு நினைவுப் பரிசாகக் கண்ணாடிக் குப்பியில் மண் கொடுக்கும் வழக்கம் வந்தது. குப்பியை நிரப்பும் உரிமை மருதாசலத்துக்கு. தன் மண்ணைக் குப்பியில் அடைத்தால் பத்து நாளில் புளித்துப் பொங்கி மூடியைத் தள்ளிவிடும் என்று அவருக்குத் தெரியும். அத்தாயி ஆடுகளை ஏரிப் பக்கம் ஓட்டிப் போன பிறகு, வரப்பைத் தாண்டி ஒரு கூடை அள்ளி வருவார். ஒரு குழுவுக்கு ஒரு கூடை. குழியை மூட வேறு மண் இல்லாததால் மூடாமலே விட்டார். ஆறாவது கூடை எடுக்கும்போது பழைய ஐந்து குழிகளிலும் யாரோ ஆட்டுப் புழுக்கையும் சருகும் போட்டு மூடியிருப்பதைக் கவனித்தார். அன்று கூடையைக் காலியாகவே தூக்கிக்கொண்டு திரும்பினார். பிறகு, பதினொரு மணிக்குக் குழு வந்துவிடும் என்பது நினைவுக்கு வந்து மறுபடி போனார்.

சிவப்பு மண்ணுக்குச் சிகிச்சை தொடங்கியது. முதல் வேலையாக ஆட்டுப் பட்டி போடத் தடை. இருபத்திரண்டு ஆடுகளின் எண்பத்தெட்டுக் குளம்புகள் நோயாளியின் நெஞ்சில் மிதிப்பதாக இயக்குநர் ஒரு கூட்டத்தில் விளக்கினார். ஒரு வண்டி வந்து வெள்ளை நிறத்தில் ஏதோ தெளித்தது. பிறகு நிலம் முழுவதும் கறுப்புப் பிளாஸ்டிக் விரித்து ஓரங்களில் கல் வைத்தார்கள். நோயாளிக்கு நூற்றிருபது நாள் ஓய்வு. வெயிலில் அந்தப் பிளாஸ்டிக் வீங்கிச் சுருங்கும்போது, போர்வைக்குள் யாரோ மூச்சுக்குத் தவிப்பது போலிருக்கும். ஆடுகளை வீட்டோரம் கட்ட இடமில்லாமல் அத்தாயி ஒன்பதை விற்றார்.

பிளாஸ்டிக்கை எடுக்கும் நாளுக்கு முன்பே நோட்டீஸ் வந்தது. மாவட்டத்தின் முதல் மண்ணை உலகம் பார்க்க வருவதால், அதன் பக்கத்தில் நானூறு பேர் அமரும் குளிரூட்டப்பட்ட அரங்கத்துடன் ‘மண் நல மாளிகை’ கட்டப்படும். பச்சை மண்ணில் கட்டடம் கட்டுவது பாவம். ஆகவே பக்கத்தில் இருக்கும் தீராத சிவப்பு மண் முப்பது வருடக் குத்தகைக்கு எடுத்துக்கொள்ளப்படும். ஆட்சேபணை இருந்தால் பதினைந்து நாளுக்குள் மனுச் செய்யலாம். மனுவில் பச்சை அட்டை வைத்திருக்கும் விவசாயி ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும்.

ஊரில் பச்சை அட்டை ஒன்றுதான் இருந்தது.

அத்தாயி மனுவை எடுத்துக்கொண்டு மருதாசலத்தின் வீட்டுக்கு வந்தார். சித்ரா மோர் கொடுத்தாள். அவர் வாங்கிக் கீழே வைத்தார்.

“கல்யாண வேலையெல்லாம் ஆச்சா, கண்ணு?”

“ஆச்சுங்கக்கா. தை பொறந்ததும் வெச்சிருக்குதுங்க.”

“நல்லாயிருக்கட்டும்.” மனுவை நீட்டினார். “மருதாசலம், இதுல ஒரு கையெழுத்துப் போடோணுமாமப்பா. இன்னொருக்கா மண்ண எடுத்துப் பாருங்கன்னு எழுதியிருக்குது. வேற ஒண்ணுமில்ல.”

மருதாசலம் படிக்காமலேயே போட்டார். பேனா இரண்டு இடத்தில் தாளைக் கிழித்தது.

“படிச்சுப் பாத்துப் போட்டிருக்கலாமல்லோ” என்றார் அத்தாயி. மோரைக் குடிக்காமல் போனார்.

மறுநாள் காலை மருதாசலம் சித்ராவிடம் உரக்கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுச் சேலம் பஸ் ஏறினார். ஒரு கையெழுத்து போதாது என்று அவருக்குத் தோன்றியிருந்தது. முழு உண்மையையும் எழுதி மனுவோடு சேர்த்துவிட்டால் யாராலும் மறுக்க முடியாது. ஒரு கேரி பேக்கில் தன் நிலத்து மண்ணையும் எடுத்துக்கொண்டார். வேலிக்கு வெளியே நின்று கம்பிக்குள் கையை விட்டு அள்ளியது. செல்லமுத்து அந்த நேரம் ஒரு காக்கையைக் குறித்துக்கொண்டிருந்தார், மின்கம்பியில் உட்கார்ந்ததைச் சேர்க்கலாமா என்ற சந்தேகத்தோடு.

ஐந்தாவது மாடியில் இயக்குநர் அவரை எழுந்து நின்று வரவேற்றார்.

“சார், நான் மண்ண மாத்திட்டனுங்க. அத்தாயக்கா மண்ண என்ற பேர்லயும் என்ற மண்ண அவிய பேர்லயும் கட்டிக் குடுத்துட்டனுங்க. எழுதிக் கொண்டாந்திருக்கறேன்.”

இயக்குநர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஏன் செய்தீர்கள்?”

“வெட்கமா இருந்துச்சுங்க.”

“பார்த்தீர்களா!” என்றார் இயக்குநர். அவர் முகம் மலர்ந்தது. “இதைத்தான் நான் ஆறு வருடமாகச் சொல்லி வருகிறேன். விவசாயிக்கு வெட்கம் வந்தால் போதும். திட்டம் வேலை செய்கிறது, மருதாசலம். நீங்கள்தான் அதற்கு அத்தாட்சி.”

“அப்ப அட்டைய மாத்திக் குடுத்துருவீங்களா?”

“அட்டையை எப்படி மாற்ற முடியும்? உங்கள் மண்ணைப் பற்றிய அறிக்கை பதினோரு நாட்டில் படிக்கப்பட்டிருக்கிறது. நான் அதை மாற்றினால் பதினோரு நாட்டு மண்ணுக்கும் நம்பிக்கை போய்விடும். மண்ணுக்கு நம்பிக்கை போனால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா?”

மருதாசலம் யோசித்துப் பார்த்தார். கேரி பேக்கை மேசை மேல் வைத்தார். “இதயாச்சும் ஒருக்கா சோதிச்சுப் பாருங்க சார்.”

இயக்குநர் மறுக்கவில்லை. அவர் மறுப்பவர் அல்ல. கீழ்மாடிக்குக் கூட்டிப் போனார்கள். கருவியில் மண்ணைப் போடுவதற்கு முன்பு புல எண்ணைப் போட வேண்டும். எண்ணைப் போட்டதும் கருவி, மண்ணை எடுத்துக்கொள்ளாமலேயே, தொண்ணூற்றேழு என்று தாள் ஒன்றைத் துப்பியது. ஒரு நிலத்துக்கு ஒரு முறை முடிவு ஏறிவிட்டால் ஐந்து வருடத்துக்கு அதுதான் வரும் என்று அங்கிருந்தவர் சொன்னார். வேலை எவ்வளவு மிச்சமாகிறது என்றும் சொன்னார்.

“இன்னும் என்ன வேண்டும் உங்களுக்கு?” என்றார் இயக்குநர், நிஜமான அக்கறையோடு. வாசல்வரை வந்து வழியனுப்பினார். கடிதத்தை மட்டும் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

பத்தாம் நாள் ஷாலினி பதில் கடிதத்தோடு அத்தாயியின் வீட்டுக்கு வந்தாள். மருதாசலத்தையும் போன் போட்டு வரச் சொல்லியிருந்தாள். மீதி ஆடுகள் சுவரோரம் நெருக்கிக்கொண்டு நின்றன.

“படிம்மா” என்றார் அத்தாயி. “எழுத்துப் பொடிசா இருக்குது.”

ஷாலினி படித்தாள். “தங்கள் மனு கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. மனுவில் சாட்சிக் கையெழுத்திட்ட திரு. மருதாசலம், மண் மாதிரிகளைத் தானே மாற்றி வைத்ததாகத் தன் கைப்பட எழுதிக் கொடுத்துள்ளார். இவ்வாறு பொய்யான செயலில் ஈடுபட்டதாக ஒப்புக்கொண்ட ஒருவரின் சாட்சியை…” அவள் நிறுத்தினாள். நிமிர்ந்து மருதாசலத்தைப் பார்த்தாள்.

“மேல படி.”

“…ஏற்க இயலாது. எனவே மனு தள்ளுபடி செய்யப்படுகிறது. மண் மாற்றப்பட்டது என்பதற்கு வேறு ஆதாரம் இல்லாததால் சோதனை முடிவுகளில் மாற்றமில்லை.”



“அக்கா…” என்றார் மருதாசலம்.

“எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? அந்த மண்ண மோந்த அன்னைக்கே தெரியும். நம்மூர்ல அந்தத் தண்ணி உட்டது யாரு, நானா?”

“அன்னைக்கே கேட்டிருக்கலாமுங்களே.”

“கேட்டனே. மைக்குலயே சொன்னனே. அப்ப நீ கை தட்டிக்கிட்டு இருந்த.”

மருதாசலத்தால் நிற்க முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

“கூடையில அள்ளிட்டுப் போனப்பவும் நீ சொல்லுவியோன்னு இருந்தேன்” என்றார் அத்தாயி. “கையெழுத்துக்கு வந்தப்பவும் இருந்தேன். நீ எங்கிட்டச் சொல்லோணும், சாமி. சேலத்துக்குப் போயி அந்த வெள்ளச் சட்டைக்காரங்கிட்டச் சொல்லியிருக்கற. அவனா இந்தக் காட்டுல பாடுபடறவன்?”

ஷாலினி அழத் தொடங்கினாள். “என் தப்பும்மா. நான் நின்னு எடுத்திருக்கணும்.” அறுபத்து மூன்று பைகளில் எத்தனை பைகள் இப்படிக் கட்டப்பட்டிருக்கும் என்று அவள் முதல் முறையாக யோசித்திருக்க வேண்டும். அத்தாயி அவளை அழ விட்டார், சமாதானம் சொல்லவில்லை.

அடிக்கல் விழாவுக்குப் பந்தல் போட்டார்கள். பிளாஸ்டிக்கை உருவினார்கள். அதற்குக் கீழே மண் மேலாக வெளிறி, ஆனாலும் இன்னும் பொலபொலவென்றுதான் இருந்தது. இயக்குநர் மைக்கில் பேசினார்.

“உலகம் முழுவதும் மண் அரித்துப் போகிறது, உப்பாகிறது, கட்டடங்களுக்கு அடியில் புதைகிறது. இதைத் தடுக்க ஒரு கட்டடம் இல்லையே என்ற ஏக்கம் எனக்கு நெடுநாளாக உண்டு.”

கைதட்டல் அடங்கியதும் ஜேசிபி இறங்கியது. அடிக்கல் நடும் இடத்தில் முதலில் மேல்மண்ணை இரண்டடி வழித்தெடுக்க வேண்டும். நோய்மண் என்பதால் அதை ஊருக்கு வெளியே பாழடைந்த கல்குவாரிக் குழியில் கொட்டச் சுற்றறிக்கை இருந்தது. இயக்குநர் அரைமணி நேரம் பார்த்துவிட்டு, அடுத்த ஊரில் ஒரு சால்வை நிகழ்ச்சிக்குக் கிளம்பிப் போனார். டிப்பர் லாரிகள் மாறி மாறிப் போய் வந்தன.

அத்தாயி வேப்ப மரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.  ஒவ்வொரு வண்டி கிளம்பும்போதும் அதன் பின்னால் சிந்துவதை மட்டும் கண்ணால் தொடர்ந்தார். மருதாசலம் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு எண்ணினார். ஒன்பது வண்டி போய்விட்டது. பத்தாவது வண்டி நிரம்பி, முக்கிக்கொண்டு ரோட்டில் ஏறியபோது அவர் அதன் முன்னால் போய் நின்றார்.

டிரைவர் தலையை வெளியே நீட்டினார். “ஏனுங்கண்ணா, சாவறதுக்கு வேற வண்டி கெடைக்கலீங்களா?”

“குவாரிக்குப் போவேண்டாம். இங்க கொட்டுங்க.”

“எங்கீங்க?”

மருதாசலம் தன் நிலத்தைக் காட்டினார். “வேலி இருக்குதுங்களே” என்றார் டிரைவர். மருதாசலம் பந்தல்காரரிடமிருந்து வாங்கி வைத்திருந்த குறட்டால் கம்பியை வெட்டத் தொடங்கினார். ஐந்து கம்பி. குடையும் நோட்டுமாக ஓடி வந்த செல்லமுத்துவுக்கு மூச்சு வாங்கியது.

“அண்ணா! என்ன பண்றீங்க! மாவட்டத்துலயே மொத மண்ணுங்க இது! இதுல போயி நோய்மண்ணக் கொட்டுனா கலப்படமுங்க, ஆறு மாசம் உள்ள வெச்சுருவாங்க!”

“எழுதிக்குங்க.”

“அகல்யா கல்யாணத்த நெனச்சுப் பாருங்க!”

பந்தலில் நின்றிருந்த சித்ரா இதைக் கேட்டாள். அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். ஆனால் வந்து தடுக்கவில்லை.

“எழுதிக்குங்க செல்லமுத்து” என்றார் மருதாசலம் மறுபடியும். கம்பி கையைக் கிழித்திருந்தது.

டிப்பர் பின்பக்கமாக உள்ளே வந்து வாயைத் தூக்கியது. சாம்பல் ஏட்டின் மேல் கறுத்த மண் சரிந்து விழுந்தது. பின்னாலேயே இன்னும் நான்கு வண்டிகள் வந்தன. எங்கே கொட்டினாலும் அவர்களுக்கு ஒன்றுதான்; கிட்டத்தில் என்றால் டீசல் மிச்சம். பதினாலு வண்டியில் ஐந்து.

அத்தாயி மரத்தடியை விட்டு வந்தார். வெட்டிய கம்பிகளுக்கு நடுவே சேலையை ஒதுக்கிப் பிடித்து நுழைந்தார். குவியல்களைச் சுற்றி நடந்தார். ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் நசுக்கிப் பார்த்தார்.

“மீதி ஒம்பது வண்டி?”

மருதாசலம் குவாரிப் பக்கம் போகும் ரோட்டைப் பார்த்தார்.

“இது ரெண்டு ஏக்கரு. இந்த அஞ்சு வண்டி ஒரு மூலைக்குத்தான் வரும்” என்றார் அத்தாயி. “அந்த மேட்டு மூலை. அங்கதான் உன்ற தண்ணி கம்மியா ஏறுச்சு. மொதல்ல இந்த ஏட்டச் செதுக்கி எடுக்கோணும். அப்பறம் பட்டியக் கொண்டாந்து போடோணும். நாலஞ்சு வருசமாவும். ஆவுமோ என்னமோ.”

“நீங்களே வெச்சுக்குங்கக்கா. எந்த மூலை வேணுமோ. மொத்தமும் வேணுமுன்னாலும்.”

“நீ குடுத்தா நான் வாங்கிக்கறதுக்கு இது சால்வையா?” என்றார் அத்தாயி. காலடியில் கிடந்த கட்டி ஒன்றை உடைத்துவிட்டு, “ஆடு எங்கியாச்சும் படுக்கோணுமல்ல” என்றார், குவியலைப் பார்த்து.

விழா வேலைக்கு வந்திருந்த ஷாலினி தன் ஸ்கூட்டியிலிருந்து இரண்டு மண்வெட்டிகளை எடுத்து வந்தாள். அத்தாயி ஒன்றை வாங்கினார். மேட்டு மூலைக்குப் போய்ச் சாம்பல் ஏட்டைச் செதுக்கத் தொடங்கினார். அது ஓடு போல உடைந்து பெயர்ந்தது. புளிப்பு வாடை எழுந்தது. ஷாலினி மூக்கைத் துப்பட்டாவால் கட்டிக்கொண்டு, பெயர்ந்ததை ஓரம் தள்ளினாள்.

மருதாசலம் இன்னொரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கறுத்த மண் குவியலுக்குப் போனார். வெட்டுவதற்கு ஓங்கினார்.

“நீ அதத் தொடாத” என்றார் அத்தாயி, திரும்பிப் பார்க்காமலே.

அவர் மண்வெட்டியை இறக்கினார். வரப்புக்குப் போய் நின்றார். செல்லமுத்து போனில் சேலத்துக்குப் பேசிக்கொண்டிருந்தார். அங்கிருந்து வண்டி வர ஒரு மணி நேரமாவது ஆகும். இரண்டு பெண்களும் குனிந்து செதுக்கிக்கொண்டே போனார்கள். வெயில் அவர் தலைக்கு நேராக வந்தது. யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை, வரவும் சொல்லவில்லை. அவர் நின்றுகொண்டிருந்தார்.